சுவரில் நான்கு பச்சைப் புள்ளிகள்

இதைக் கதையென்று எண்ணிப் படிக்க வேண்டாம். பட்டப்பகலில், ஒரு பெரிய அணையின் நீருக்கடியில், உடன்பிறந்த இருவருக்கு நேர்ந்தது இது. என் பங்காக ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே தொழில். ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறு நீர்மூழ்கியில் இறங்கி, அணைச்சுவரின் விரிசல்களை அளப்பார்கள். மூழ்கியின் மூக்கடியில் உள்ள இரண்டு லேசர்கள் சுவரில் இரண்டு பச்சைப் புள்ளிகளை வைக்கும். எத்தனை தொலைவிலிருந்து அடித்தாலும் அவற்றின் இடைவெளி பத்து சென்டிமீட்டர்தான். படம்பிடித்து, அதைக் கொண்டே விரிசலை அளந்துவிடலாம்.

அன்று தங்கையின் குரல் பாதிப் பேச்சில் அறுந்தது. மேலே படகில் இருந்த மெக்கானிக் அவளுடைய கணவன். படகில் இருந்த அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, பேட்டரி போயிடுச்சு. காத்தைச் சுத்தம் பண்ற ஃபேனும் நின்னிருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டா..."

"புலம்பாத. கயித்தைப் பிடி. அவளோடதான் வருவேன்."

அக்கா தன் மூழ்கியில் இறங்கினாள். விளக்கொளியைக் கலங்கல் நீர் விழுங்கிவிட்டது. பெயர் சொல்லி அழைத்தாள், வேண்டாத தெய்வமில்லை. சுவரில் அவளுடைய இரண்டு புள்ளிகள் மட்டும் நடுங்கின.

பிறகு நான்கு புள்ளிகள்...

"கண்டுபிடிச்சிட்டேன்! லேசர் அடிக்கிறா!"

மேலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது.

"பேட்டரி இல்லாம எப்படிக்கா?"

யோசிக்க நேரமில்லை. அரை மணியில் இருபது நிமிடம் கரைந்திருந்தது. அந்தப் புதிய புள்ளிகள் கீழே நகர்ந்தன. தொடர்ந்தாள். அவள் பின்தங்கினால் அவை நின்றன. நெருங்கினால் நகர்ந்தன.

டொக்... டொக்...

உலோகத்தைத் தட்டும் ஓசை. மதகுக் கம்பிகளுக்கிடையே தங்கையின் மூழ்கி சிக்கிக் கிடந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தாள்.

மூழ்கியின் மூக்கு சேற்றில் புதைந்திருந்தது.

லேசர்களும் சேற்றுக்குள்.

அப்படியானால்...

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மூழ்கியின் இயந்திரக் கையால் படகுக் கயிற்றின் கொக்கியை மாட்டினாள்.

"இழு!"

படகில் கிடத்தியபோது தங்கையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சு வந்ததும் அவள் அக்காவைத்தான் திட்டினாள்.

"ஏன்க்கா, விளையாட உனக்கு வேற நேரமே கிடைக்கலையா? அவ்ளோ நேரமா கண்ணாடிகிட்ட லேசரைக் காட்டிட்டு சும்மா நின்னியே!"

"நானா? நான் வந்ததும் கொக்கியைத்தானேடி மாட்டினேன்."

"பொய் சொல்லாத. நான் கண்ணை மூடினா நீயும் அணைச்ச. திறந்தா போட்ட. நீ இருக்கேன்னுதான் பயமில்லாம கெடந்தேன்."

அக்கா தன் கேமராவைக் கழற்றி மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

மெக்கானிக் அக்காவின் கேமராப் பதிவை ஓடவிட்டு, நான்கு புள்ளிகளும் தெரிந்த இடத்தில் நிறுத்தினான். அவளுடைய இரண்டின் இடைவெளி பத்து. அதைக் கொண்டு மற்ற இரண்டையும் கணக்கிட்டான்.

ஆறரை.

மீண்டும் கணக்கிட்டான். ஆறரைதான். அப்படி அளவு வைத்த லேசர் அவர்களிடம் ஒன்றுகூட இல்லை.

ஏதோ தோன்ற, அளவுகோலை எடுத்து மனைவியின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"அசையாத."

ஒரு கண்மணியிலிருந்து மறு கண்மணிவரை அளந்தான்.

ஆறரை.