இராசமலரின் முப்பத்தொரு கிணறு

"இந்த வீரைக் கட்டை எந்தப் பக்கம் வெட்டினது?" திருகோணமலைச் சந்தையில் விறகுக்காரரின் சைக்கிளை மறித்துக்கொண்டு கேட்கிறார் இராசமலர். விறகு வாங்கும் எண்ணம் இல்லை. வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு. "பாதையில யானை நிண்டதோ? குட்டியும் நிண்டதோ?" விறகுக்காரர் சொல்லச் சொல்ல, பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் குறித்துக்கொள்கிறார்.

ஐம்பது வயது. அரச அலுவலகமொன்றில் வரைபடம் கீறுபவர். மாவட்டத்தில் எது வயல், எது காடு, எங்கே சனம், எங்கே விலங்கு என்று நிறம் தீட்டுவது வேலை. யுத்தத்தில் எல்லாமே இடம் மாறிவிட்டன. தொண்ணூறில் சனம் முகாம்களுக்கு ஓடிற்று. வயல்களில் பற்றை ஏறிற்று. கந்தளாய்ப் பக்கத்து யானைகள் ஆளில்லாத ஊர்களுக்குள் வந்தன. போய்ப் பார்க்க முடியாத இடங்களை விறகுக்காரரிடமும் தேனெடுப்பவரிடமும் மாடு தேடிப் போனவரிடமும் கேட்டுக் கேட்டே கீறுகிறார். விமானப்படைத் தளம் இருக்கும் சீனன்குடா மட்டும் அவர் படத்தில் வெள்ளையாகக் கிடக்கிறது. "அதைக் கீறினால் பிறகு என்னைக் கீறிப்போடுவாங்கள்" என்று சிரிப்பார்.

அவர் ஒருவரை எதிர்த்து நின்றதை, அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் நான் கண்டது ஒரே ஒருமுறை. தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை ஓய்ந்திருந்தது. புதிய படம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இலுப்பையடிவெளி என்ற ஊருக்குக் காட்டின் பச்சையைப் பூசச் சொன்னார் மேலதிகாரி. ஐந்து வருடமாக அங்கே ஆளில்லை, மரம் முளைத்துவிட்டது. அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் படத்தில் காடாகிவிட்டால், அந்த ஊர்ச் சனம் திரும்பி வந்து காணி கேட்க முடியாது.

"பாக்காமல் பூச ஏலாது ஐயா" என்றார் இராசமலர்.

மறுநாளே, முகாமில் இருந்த அவ்வூர்ப் பெண் பரீதாவைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்டார். காவலரணில் படச்சுருளை விரித்த சிப்பாயின் முகம் இறுகியது. இராசமலர் அரைகுறைச் சிங்களத்தில் யானைத் தடங்களை விளக்கினார். ஒரு கோடு அந்தக் காவலரணுக்குப் பின்னாலேயே போயிற்று. சிப்பாய் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு படத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டான்.

ஊரில் சுவருமில்லை, கூரையுமில்லை. "எங்கட ஊடு இதுலதான் இருந்திச்சி மிஸ்" என்று ஒரு முட்பற்றையைக் காட்டி அழுதார் பரீதா. இராசமலர் அழவில்லை. கண்ணிவெடிப் பயத்தில், மாடு மிதித்த தடத்தில் மட்டும் கால் வைத்து, கையில் கொண்டுபோன கத்தியால் கொடிகளை விலக்கிப் பார்த்தார். ஒரு கிணற்றுக் கட்டுத் தெரிந்தது. பின்னேரத்துக்குள் முப்பத்தொரு கிணறுகள்.

"எண்டாலும் இப்ப அது காடுதானே?" என்றார் மேலதிகாரி.

"காட்டுக்குள்ள ஆர் ஐயா முப்பத்தொரு கிணறு வெட்டினது?"

படம் 'சனம் இடம்பெயர்ந்த ஊர்' என்ற குறிப்போடு மேலே போயிற்று. இந்த வருடம், தொண்ணூற்றேழில், பதினெட்டுக் குடும்பங்கள் அங்கே திரும்பியிருக்கின்றன.

போன கிழமை நானும் அவரோடு போனேன். பரீதா தன் வளவுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தார். இராசமலர் நின்று பார்த்தார்.

"பரீதா, இதாலதான் யானையள் குளத்துக்குப் போறது. ஏழு வருசமா நடந்த பாதை. மறிச்சால் உங்கட வீட்டைத்தான் உடைக்கும்."

"எனக்காகச் சண்ட புடிச்ச மிஸ், இப்ப ஆனைக்காகக் கதைக்கிறீங்களா?"

இராசமலர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். குனிந்து வேலியின் முதலாவது கதியாலைப் பிடுங்கி, பத்து அடி உள்ளே தள்ளி நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார்.