மேப்பில் ஏறிய மாவு மில்

போன வருஷம் மாசி மாதம் நடந்தது இது. தென்காசிப் பக்கமிருந்து வந்து, ஆவடி சேக்காட்டில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறிய புதிது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். குழந்தைக்குச் சத்துமாவு அரைக்க வேண்டும் என்று போனில் மாவு மில் தேடினால், எங்கோ தள்ளி, பாடியில் ஒன்றைக் காட்டியது. லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை ஓட்டிப் போய், அரைத்துக்கொண்டு திரும்பினால், எங்கள் பின்தெருவில் மிளகாய் நெடி மூக்கைத் துளைக்கிறது! தும்மிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். சாட்சாத் மாவு மில்தான். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

உள்ளே ஓர் அக்கா தனியாக அரைத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்த பிறகு அவர்தான் மில்லை நடத்துகிறாராம். "ஒரு போர்டு கூட இல்லையேக்கா, எப்படித் தெரியும்?" என்றேன்.

"தண்ணி டேங்க்காண்ட கீற மில்லுன்னா எல்லாருக்கும் தெரியும்மா. தெரிஞ்சவங்கதான் ஊடு மாறிப் பூட்டாங்க. சித்திரை பொறந்தா மிஷினை எடுத்துக்க ஆள் வருது. குடுத்துட்டு எங்கனா வீட்டு வேலைக்குப் போலாம்னு கீறேன்."

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை ஃப்ளாட்டுகளில் இத்தனை பேர் பாக்கெட் மாவு வாங்குகிறோம். பக்கத்திலேயே மில் இருப்பது யாருக்கும் தெரியாததால் அது மூடப்போகிறது. "நான் மேப்பில் ஏத்துறேன், மிஷினை மட்டும் கொடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்வது சுலபம். கடை நிஜமாகவே இருக்கிறது என்று காட்ட, மேப் கம்பெனியில் வீடியோ கேட்டார்கள். தெரு, பெயர்ப் பலகை, ஷட்டரைத் திறப்பது, மிஷின் எல்லாம் ஒரே வீடியோவில் தெரிய வேண்டும். அக்காவோ, "மூஞ்சி கழுவாம படம் புடிப்பாங்களா?" என்று மிஷினைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்த பிறகுதான் விட்டார். அனுப்பினேன். பலகை இல்லை என்று திருப்பிவிட்டார்கள். வேண்டுமானால் நேரில் வந்து மோந்து பாருங்கள் என்று பதில் எழுதலாமா என்றிருந்தது.

விடுவேனா? தகரமும் பெயிண்டும் வாங்கி, நானே பலகை எழுதினேன். எழுத்துகள் கொஞ்சம் மேடேறிப் போயின; பரவாயில்லை. மறுபடி எடுத்த வீடியோ பாஸாகிவிட்டது.

மேப்பில் ஒரு வரி சேர்த்தேன்: 'காலையில் மாவு மட்டும், மதியத்துக்கு மேல்தான் மிளகாய்.' அக்காவின் வழக்கம் அது. குழந்தை மாவில் காரம் ஏறிவிடுமோ என்று பயப்படும் என்னைப் போன்ற அம்மாக்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் பருத்திப்பட்டிலிருந்து ஒரு தம்பதி, கையில் கேழ்வரகு டப்பாவோடு, மேப் பார்த்து வந்தார்கள். அக்கா உடனே எனக்குப் போன் போட்டார். "உன் மேப்பு ஆளு அனுப்பிச்சிக்கீதும்மா!" அதற்குப் பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சித்திரை பிறந்தது. மிஷின் வாங்குகிறவர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, மீட்டிங்கைப் பாதியில் விட்டு ஓடினேன். வாசலில் டப்பாக்களும் தூக்குகளும் தெரு வரை நின்றன. நடுவில் அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் மாவாக இருந்த அக்கா மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

"இன்னா நைனா, அரைக்கணுமா? டப்பாவ வரிசையில வை!"

"மிஷினை எடுத்துனு போலாம்னு வந்தேன்கா."

"ஓடிக்கினு கீற மிஷினை யார்னா குடுப்பாங்களா? நீ போய் வா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவும் செய்தேன், அழவும் செய்தேன்.

ஆபீசில் நான் செய்யும் வேலை எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் காலை மீட்டிங்கில் "பின்னால என்ன சத்தம்?" என்று யாராவது கேட்டால், "எங்க மில் ஓடுது" என்று சொல்லும்போது வரும் பெருமையை எந்தப் பதவி உயர்வும் எனக்குக் கொடுத்ததில்லை.