ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிந்த மதியங்கள்

பேருந்து நிலையத்தின் வடக்கு மூலையில், மூன்று பக்கம் கண்ணாடியும் ஒரு பக்கம் சுவருமாக ஒரு கூண்டு உண்டு. அதற்குள் பத்தொன்பது ஆண்டுகளும் நான்கு மாதங்களும் உட்கார்ந்திருந்தவரை ஓட்டுநர்கள் 'நிமிஷம்' என்றே அழைத்தார்கள். நேரக் காப்பாளர் என்பது உத்தியோகத்தின் பெயர். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஓட்டுநர் கொண்டுவரும் டிரிப் ஷீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வேலையில் அவர் நூல் பிசகமாட்டார். புறப்பட அரை நிமிடம் இருக்கும்போதே வண்டி உறுமினால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரல் உயரும். விரல் இறங்கினால்தான் சக்கரம் உருளும்.

"கல்யாணத்தன்னிக்கும் பொண்ணு மூணு நிமிஷம் லேட்டுன்னு எழுதிவச்சிருப்பாரு மனுஷன்" என்பார் ஏழாம் நம்பர் ஓட்டுநர். அவருக்குப் பட்டப்பெயர் 'மீசை'. மீசையை எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் உதட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிஷத்துக்குக் கல்யாணம் ஆனது முப்பத்தெட்டு வயதில். வீடு, ஏழாம் நம்பர் வண்டி போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில். இரண்டே அறைகள். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். அதைச் சுற்றி இடுப்புயரத்துக்கு நீலத் துணிகள். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். மதிய வெயில் அந்த நீலத்தில் விழுந்து சுவரெல்லாம் மெல்லிய நீலமாகிவிடும். அறை தண்ணீருக்கு அடியில் இருப்பது போலிருக்கும். நான்கு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, அந்த நீல அறைக்குள் மூன்றாவதாக ஓர் ஆள் வரப்போவது உறுதியாயிற்று.

இருபத்தெட்டாவது வாரத்தில் சுகாதார நிலையத்து நர்ஸக்கா ஒரு தாளைக் கொடுத்தாள்.

"தினமும் சாப்பிட்டதும், ஏறக்குறைய ஒரே நேரத்துல, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கோம்மா. அசைவை எண்ணு. பத்து வர எவ்வளவு நேரமாகுதுன்னு எழுது. உன் பிள்ளையோட வழக்கம் என்னன்னு நாளாக ஆக உனக்கே பிடிபடும். ரெண்டு மணி நேரத்துல பத்து வரலைன்னா உடனே வந்துடணும். வழக்கத்தைவிடக் குறைஞ்சிருக்குன்னு தோணினாலும் வந்துடணும். காலைல பாத்துக்கலாம்னு ஆறப்போடாதே."

நிமிஷம் தாளை இரண்டு முறை படித்தார். "அசைவுன்னா உதை மட்டுமா? புரள்றது, நெளியறதும் சேர்த்தியா?"

"எல்லாம் சேர்த்திதான் சார். விக்கல் மட்டும் சேராது."

"விக்கலுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டுடலாமா?"

நர்ஸக்கா அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். "இவரை வீட்டுல எதுக்கும்மா வச்சிருக்க?"

"மணி பாக்கத்தான்" என்றாள் அவள்.

அன்று மாலையே ஒரு நோட்டுக்குக் கட்டங்கள் போட்டாயிற்று. தேதி, வாரம், தொடங்கிய நேரம், பத்தாவது அசைவு, குறிப்பு. நோட்டு மெஷின் மேசையின் காலில் ஒரு கயிற்றில் தொங்கியது, கூடவே பென்சில்.

வார விடுமுறை நாட்களில் அவரும் பக்கத்தில் படுத்து, வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். தெருவில் ஏழாம் நம்பர் வண்டி வந்து நின்று பெருமூச்சு விடும். திரைச்சீலை உள்ளே வந்து வெளியே போகும். இரண்டுக்கும் நடுவே, கைக்கு அடியில், எங்கிருந்தோ ஒரு தட்டல்.

"பஸ்ல மணிக்கயித்தை இழுக்கற மாதிரி இருக்குங்க" என்பாள் அவள், பாதித் தூக்கத்தில். "இறங்கணுமாம்."

"ஸ்டாப் இன்னும் வரலைன்னு சொல்லு."

அவருக்கும் கண் செருகும். சக்கரமில்லாத பேருந்து ஒன்று நீலத் தண்ணீருக்குள் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஒரே ஒரு பயணி, முகம் தெரியாது. எந்த ஊருக்கு என்று கேட்க அவர் வாயைத் திறக்கும்போது அடுத்த தட்டல் வரும். "நாலு" என்பார், விழித்துவிடுவார்.

முதல் பன்னிரண்டு நாட்கள் நோட்டு அழகாக நிறைந்தது. இரண்டு மணிக்குத் தொடக்கம். பத்தாவது அசைவு 2.13, 2.41, 2.09, 2.52. ஒரு நாளைப்போல் ஒரு நாள் இல்லை. பதின்மூன்றாம் நாள் கட்டம் காலி. அவர் கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தது. தாமதமாக வந்த வண்டிக்கு எதிரே எழுதுவதைப் போலவே எழுதியது: "பதிவு இல்லை. காரணம்?"

மறுநாள் அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கும் மெமோவா?" அவரும் சிரித்தார். அதன் பிறகு ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அவருக்கு அதில் ஒரு நிறைவு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முப்பத்தேழாவது வாரம் தொடங்கி இரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி. மீசை கூண்டுக்குள் கையை நீட்டி டிரிப் ஷீட்டை வைத்தார். மறுமுனையில் நேரக் காப்பாளர் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த நேரத்தை ஓட்டுநரே எழுதிக்கொள்ள வேண்டும். 9.10, 10.35, 11.50, 1.15 என்றிருந்தது.

"இது நீ கடிகாரத்தைப் பாத்து எழுதினதில்ல. இங்க வந்து நின்னப்புறம், ஒரே மூச்சுல எழுதினது."

"கூட உக்காந்து வந்த மாதிரி சொல்றீங்களே சார்."

"நெஜமான வண்டி ஒன்பது பன்னெண்டுக்கு வரும், பத்து முப்பத்தெட்டுக்கு வரும். மனசுல ஓடற வண்டிதான் அஞ்சுலயும் பூஜ்யத்துலயும் வரும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைச்சுடலாம், இதை..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் விரல் ஷீட்டின் மேல் இருந்தது. கண் அதில் இல்லை. மெஷின் காலில் தொங்கும் நோட்டின் கடைசிப் பக்கம் அவருக்குத் தெரிந்தது. 2.20. 2.25. 2.20. 2.25. நேற்று வரை நான்கு நாட்கள். தினமும் அதைப் பார்த்து, சீராக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவர் அவரேதான்.

கூண்டில் பக்கத்து இருக்கையிலிருந்த உதவியாளரிடம் பேனாவைக் கொடுத்தார். "பாத்துக்கப்பா." பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக, வேலை நேரத்தில் கூண்டை விட்டு இறங்கி 2.40 வண்டியில் ஏறினார். மீசை ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஜன்னலில் கடைகள் மிதந்து போயின. நிறுத்தங்களில் ஏறியவர்களும் இறங்கியவர்களும் கனவில் நடப்பவர்களைப் போல மெதுவாக நடந்தார்கள். யாரோ மணிக்கயிற்றை இழுத்தார்கள். அவர் தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினார்.

மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு வாசலில் நின்றபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

நோட்டில் அன்றைய கட்டமும் நிறைந்திருந்தது: 2.20. கோபம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"நெஜமா எண்ணினியாம்மா?"

அவள் உள்ளங்கையால் மெஷின் சக்கரத்தை நிறுத்தினாள்.

"அஞ்சு நாளா எண்ணலைங்க. படுத்தாத் தூங்கிடறேன். முழிச்சா மூணு மணி. இந்தச் சட்டையெல்லாம் திங்கக்கிழமை குடுக்கணும். காலியா விட்டா நீங்க செவப்பு மையில கேள்வி கேப்பீங்க. அதான் நானே..."

"இன்னிக்கு அசைஞ்சுதா?"

"மெஷின் ஓடறப்போ எது மெஷின், எது பிள்ளைன்னு தெரியலை. நேத்துலேர்ந்தே கொஞ்சம் அமைதியாத்தான் இருக்கு. கடைசில இடம் பத்தாம அடங்கிடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

அவளை இடது பக்கமாகப் படுக்க வைத்தார். கையை வைத்தார். மணி 3.11. திரைச்சீலை உள்ளே வந்தது, வெளியே போனது. நீலச் சுவரில் வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது. கைக்கு அடியில் மிக லேசாக ஒரு நெளிவு. அப்புறம் ஒன்றுமில்லை. அவர் மனம் கணக்குப் போட்டது: இரண்டு மணி நேரம் என்றால் 5.11. தாளில் அப்படித்தான் இருக்கிறது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. "எண்ணிக்கிட்டு இருக்க வேணாம். போயிடலாம்."

நர்ஸக்காவுக்கு ஃபோன் போட்டார். அவள் முழுதும் கேட்கவில்லை.

"இடம் பத்தாம அடங்கிடும்கறதெல்லாம் வெறும் பேச்சு சார். கடைசி நாள் வரைக்கும் பிள்ளை அசையணும். தாள்ல இருக்கற ரெண்டு மணி நேரம் சந்தேகமில்லாத நாளைக்கு. அவளுக்குக் குறைஞ்சிருக்குன்னு தோணிடுச்சில்ல? நேரா பெரிய ஆஸ்பத்திரி. நான் சொல்லி வைக்கறேன்."

எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றது. அவர் வாழ்க்கையில் பாதியில் விட்ட முதல் பதிவு அதுதான்.

ஆஸ்பத்திரி ஏழாம் நம்பர் போகும் வழியில்தான். வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது, புறப்பாடு 3.30.

"எடு" என்றார் நிமிஷம்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கே சார். எடுத்தா நீங்களே மெமோ குடுப்..." மீசை அவள் முகத்தைப் பார்த்தார். "ஏறி உக்காருங்கம்மா." இன்ஜினைக் கிளப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஷீட்ல என்னன்னு சார் எழுத?"

"மூணு இருபத்திமூணு. உள்ளபடி எழுது."

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். ஓர் இயந்திரத்திலிருந்து காகிதம் நாடா போல் வழிந்து வந்தது. அதில் பிள்ளையின் இதயம் தன்னைத் தானே எழுதிக்கொண்டது. குதிரை ஓடுகிற சத்தம், தூரத்து மழைக்குள் கேட்பது போல. சில இடங்களில் குதிரை தயங்கியது. நிமிஷம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது யாருக்கும் பயந்து எழுதவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு வந்தார். "பனிக்குடத் தண்ணி ரொம்பக் குறைஞ்சுபோச்சு. பிள்ளை களைச்சிருக்கு. இன்னிக்கே எடுத்துடலாம்." நோட்டைப் பற்றி அவள் தானாகவே சொல்லி அழுதபோது டாக்டரம்மா திட்டவில்லை. "நாளைக்குன்னு தள்ளாம வந்தியே. ஒண்ணுமில்லாம பத்துத் தடவை வந்தாலும் நாங்க கோவிச்சுக்க மாட்டோம்மா" என்றார்.

மாலை 6.46. பெண். இரண்டு கிலோ நூற்றெண்பது கிராம். பிறந்து சில விநாடிகள் யோசித்துவிட்டு, அழுதது.

ஒன்பதாம் நாள் வீட்டில், மதியம். பிள்ளை நீலத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் நோட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, கடைசிப் பக்கத்தைக் கிழிக்கப் போனாள்.

"கிழிக்காதேம்மா. எங்க ஆபீஸ்ல தப்பா எழுதினதைக் கிழிக்க மாட்டோம். மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்து."

அவள் ஐந்து வரிகளையும் அடித்தாள். நான்கின் பக்கத்தில் 'தூங்கிவிட்டேன்' என்று எழுதினாள். ஐந்தாவதின் பக்கத்தில் பென்சில் கொஞ்சம் தயங்கியது. 'அசைவு குறைவு. பயம். சொல்லவில்லை.' ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டு நோட்டை நீட்டினாள்.

அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் பக்கங்களைப் பின்னால் புரட்டி, பதின்மூன்றாம் நாளில் நிறுத்தினார். "பதிவு இல்லை. காரணம்?" என்ற சிவப்பு எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: 'அன்று அவளுக்குத் தைக்க நாற்பது சட்டைகள் இருந்தன. பட்டனாவது நான் தைத்திருக்கலாம்.' கையெழுத்து. தேதி.

அவள் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். பிள்ளைக்குத் தூக்கத்தில் விக்கல் எடுத்தது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதலையா?" என்றாள்.

"அது கணக்குல சேராது." அவர் குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். "ஊசி எங்க வச்சிருக்க?"