முன்னால் போன எலும்பு

ஜாடியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மிஸ்ஹர். உள்ளே அவருடைய எலும்பு. ஒரு பக்கம் பளபளவென்று உருண்டை. மறுபக்கம் பிய்த்த ரொட்டி மாதிரி சொரசொரப்பு.

"கீழ வைங்க, யாபா. பக்கத்துக் கட்டில்காரரு சாப்பிட முடியாம முழிக்கிறாரு" என்றான் மகன் தாரி.

"ஆயுசு முழுக்க தோலுக்கு மேலயே தடவிக்கிட்டு இருந்துட்டேன். இன்னிக்குத்தான் மொகத்தைப் பாக்குறேன். இருடா."

இராக்கின் ஹீத் ஊரிலும் யூப்ரடீஸ் கரையோரக் கிராமங்களிலும் எலும்பு முறிந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முட்டை வெள்ளைக்கரு, மாவு, பேரீச்ச மட்டையில் சீவிய பட்டைக் குச்சிகள், கிழித்த பழந்துணி. அவ்வளவுதான் சாமான். மரத்திலிருந்து விழுந்தவர்கள் வந்தார்கள், பந்தாடப் போனவர்கள் வந்தார்கள், கல்யாணத்தில் ஆடி முழங்கையை ஒடித்துக்கொண்ட மாமன்கள் வந்தார்கள். கூலியாகக் கோழி கொடுத்தார்கள். ஒருமுறை வந்த கோழிக்கே கால் ஒடிந்திருந்தது. அதற்கும் கட்டுப் போட்டார். அது நொண்டாமல் நடந்ததை ஊர் இன்னும் சொல்கிறது.

அப்படிப்பட்டவர் எழுபத்தெட்டு வயதில் சொந்த முற்றத்தில், மனைவி நூஃபா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குழாயில் தடுக்கி விழுந்தார். யாரும் சொல்லி அனுப்புவதற்கு முன்பே ஷலால் வந்துவிட்டார். சித்தப்பா மகன். அவரும் எலும்பு கட்டுகிறவர். முப்பது வருடமாக இருவருக்கும் யார் கை பெரிய கை என்று போட்டி. ஷலாலின் இரண்டு கையிலும் முட்டை இருந்தது.

மிஸ்ஹர் தன் பாதத்தைப் பார்த்தார். வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஒரு கால் குட்டையாகத் தெரிந்தது.

"முட்டைய நூஃபாகிட்ட குடு, பொரிக்கட்டும். இது உன் கைக்கும் அடங்காது, என் கைக்கும் அடங்காது. தாரி, வண்டிய எடு. ரமாதிக்குப் போ."

ரமாதி ஆஸ்பத்திரியில் டாக்டர் அனஸ் ஒரு காப்பிக் குவளைக்குள் தன் முஷ்டியை வைத்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை முஷ்டி. இடுப்பு குவளை. முஷ்டி மணிக்கட்டோடு ஒடிந்துவிட்டது, அதற்கு ரத்தம் போகாது, இனி ஒட்டாது. குவளை நன்றாக இருக்கிறது. முஷ்டியை மட்டும் எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைப்போம். பாதி மாற்றினால் போதும்.

"ஏன் பாதி? எங்களைப் பாத்தா முழுசுக்கு வக்கில்லாதவங்க மாதிரி இருக்கா?" என்றாள் நூஃபா.

"தாரி அம்மா, மீதிப் பாதி அவருக்கு நல்லா இருக்கு. நல்லா இருக்கறத எதுக்கு எடுக்கணும்?" என்றார் டாக்டர்.

"நாப்பத்தஞ்சு வருஷமா கூட இருக்கேன். அவர்கிட்ட எது நல்லா இருக்குன்னு என்கிட்ட கேளுங்க."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது.

"மெதுவா, என் கண்ணு. கதவுக்கா ஆணி அடிக்கிறீங்க?" என்றார் மிஸ்ஹர்.

"பேசாதீங்க ஹஜ்ஜி. நான் சிரிச்சா கை ஆடும்."

எலும்பை ஜாடியில் போட்டு வீட்டாரிடம் கொடுத்தார்கள். உடம்பிலிருந்து பிரிந்தது மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே யாரும் அதைக் குப்பைக்கு அனுப்ப விடமாட்டார்கள்.

மறுநாளே எழுந்து நில்லுங்கள் என்றார் டாக்டர். மிஸ்ஹர் மாட்டேன் என்றார். அடுத்த நாளும் மாட்டேன் என்றார். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது, அந்தக் காலைத் தரையில் படாமல் கொக்கு மாதிரி மடக்கிக்கொண்டார்.

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எலும்பு ஒடிந்த கிழவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கட்டுப் போட்டுப் படுக்க வைப்பார். அவர்கள் படுத்தே இருப்பார்கள். குளிர்காலம் வரும், நெஞ்சில் சளி கட்டும், பிறகு கூப்பிட்டு அனுப்ப மாட்டார்கள். ஒருவர்கூட எழுந்து நடந்ததில்லை. டாக்டர் சொன்னது காதுக்குத்தான் போயிற்று. விரல்களுக்கு வேறு தெரிந்திருந்தது.

வீட்டில் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தரையில் உட்காரக் கூடாது, காலை மடித்துப் போடக் கூடாது, குனியக் கூடாது. கீழே விரிப்பில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிட, அவர் மட்டும் மேலே தனித் தட்டோடு இருந்தார்.

"சுல்தானுக்குக் குழம்பு போதுமா?" என்பாள் நூஃபா.

சுல்தான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கிருமி தொற்றிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வந்தவர்களை நூஃபா வாசலிலேயே நிறுத்தித் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அவள் முகம் சாதாரணமாகவே கடுகடுவென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

ஜாடி குளிர்பெட்டியில், கோடையில் பறித்து உறைய வைத்த வெண்டைக்காய்ப் பைகளுக்கு நடுவில் இருந்தது.

"நான் போய்ப் பொதைச்சுட்டு வந்துடறேன், யாபா" என்றான் தாரி.

"என் எலும்ப நான்தான் பொதைப்பேன்."

நூஃபா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சரி, நீங்களே பொதைங்க. என்னிக்கு நடந்து போறீங்களோ அன்னிக்குப் பொதைங்க. அதுவரைக்கும் அது அங்கேயே கெடக்கட்டும். ஆனா ஒண்ணு, அதோட கெடக்கற வெண்டைக்காயில நான் கை வைக்க மாட்டேன்."

வெண்டைக்காயும் ஆட்டுக்கறியும் சேர்ந்த குழம்பு இல்லாமல் அவருக்கு ஒரு வாரம் போனதில்லை. முதல் நாள் பருப்புக் கஞ்சி. இரண்டாம் நாளும் பருப்புக் கஞ்சி. மூன்றாம் நாள் தட்டைப் பார்த்தார். வாக்கரைக் கொண்டுவரச் சொன்னார்.

எழுந்து நின்றார். வியர்த்தது. கெட்ட காலைத் தரையில் வைத்து, கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக அதன் மேல் சாய்ந்தார். எலும்போடு எலும்பு உரசும் சத்தம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். அதற்காகக் காதைக் கொடுத்தார். வரவில்லை. இன்னும் சாய்ந்தார். ஒரு சத்தமும் இல்லை. தையல் போட்ட இடம் வலித்தது. அது தோல் வலி, தோல் வலியை அவர் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை.

"நூஃபா."

"என்ன?"

"பேசாம இரு. கேளு."

"எதைக் கேக்க? ஒண்ணும் கேக்கலையே."

"ஆமாம்" என்றார் மிஸ்ஹர். முகமெல்லாம் சிரிப்பு.

அறையிலிருந்து கூடத்துக்கு நடந்தார். பிறகு மதில் சூழ்ந்த முற்றத்தைச் சுற்றி நடந்தார். ஒரு புதன் இரவு, நாளைக்குப் போய்ப் புதைக்கலாம் என்றார்.

குழி வெட்டும் ஹர்தான் வியாழக்கிழமை காலையிலேயே மண்வெட்டியோடு மையவாடிக்குப் போனார். வழியில் வெங்காயக்காரன் நிறுத்தி, யாருக்கு என்று கேட்டான். ஹஜ்ஜி மிஸ்ஹருக்கு என்றார் ஹர்தான். அதிகம் பேசுகிற வழக்கம் அவருக்கில்லை. வெங்காயக்காரன் கடைத்தெருவுக்குப் போனான்.

மையவாடி வாசலோடு கார் நின்றுவிட்டது. நூஃபா காரிலேயே இருந்தாள். உள்ளே சரளைக்கல் பாதை. மிஸ்ஹர் வாக்கரைத் தூக்கி வைத்து நடந்தார். தாரி பின்னாலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு முறை நீட்டினான். இரண்டு முறையும் திட்டு வாங்கினான். மிஸ்ஹரின் தகப்பனார் கபருக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்தில் குழி தயாராக இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றியதைத் தாரி மண்டியிட்டு உள்ளே வைத்தான். மிஸ்ஹர் குனியக் கூடாது. ஹர்தான் மண்வெட்டியில் மண்ணை அள்ளி அவர் கைக்கு எட்டும்படி உயர்த்திப் பிடித்தார். அவர் பிடி பிடியாக எடுத்துப் போட்டார்.

"என்ன ஓதறது ஹஜ்ஜி?" என்றார் ஹர்தான்.

"ஒண்ணும் வேண்டாம். மீதி வரும்போது சேத்து ஓதிக்கோ."

கார் வரைக்கும் திரும்பிய வழியும் நடைதான். நாற்காலி தேவைப்படவில்லை.

மதியம் தாண்டித் தெருமுனையில் கார் நின்றது. அதற்கு மேல் போக வழியில்லை. வீட்டு வாசலில் தெருவை அடைத்துச் சாமியானா போட்டு, வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவன் பித்தளைக் கெண்டியோடு துக்கக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். மதிலில் கருப்புத் துணி தொங்கியது. அதில் வெள்ளையிலும் மஞ்சளிலும் ஹஜ்ஜி மிஸ்ஹர் இறைவனின் கருணையைச் சென்றடைந்தார் என்று எழுதியிருந்தது.

"யாபா, நீங்க கார்லயே இருங்க" என்றான் தாரி.

"கதவைத் திற."

சாமியானாவின் பின்பக்கமாக உள்ளே போனார். எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஷலால், கண்ணைத் துடைத்துத் துடைத்து மூக்கே சிவந்திருந்தது.

"அந்தக் கை மாதிரி ஒரு கை கெடையாது. நான் சொல்றேன், அவன் பக்கத்துல நானெல்லாம் முட்டை உடைக்கத்தான் லாயக்கு."

"அதை இன்னொரு தடவை சொல்லு" என்றார் மிஸ்ஹர். "சத்தமா. இத்தனை பேரு சாட்சி இருக்காங்க."

யாருடைய காப்பிக் கிண்ணமோ விழுந்து உருண்டது. ஒரு கிழவர் சத்தமாகக் கலிமா சொன்னார். ஷலால் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"நீ சாகலையா?"

"கொஞ்சந்தான். இப்பத்தான் பொதைச்சுட்டு வரேன்."

"வெக்கமா இல்ல உனக்கு? நான் அழுது முடிச்சிட்டேன்! துணி எழுதி வாங்கினது நான்! ஆட்டை அறுத்தது நான்!"

"உன் அப்பனுக்கு எழுதினத விட என் பேரை ஏன் சின்னதா எழுதினே?"

முதலில் சிரித்தது குர்ஆன் ஓத வந்தவர். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஷலால் மிஸ்ஹரைக் கட்டிப் பிடித்தார். பிடித்த கையோடு, தொழில் பழக்கம், இடுப்பை அழுத்திப் பார்த்தார்.

"இரும்பா?"

"இரும்புதான். உரசலே இல்ல. காதை வெச்சுக் கேளு."

ஷலால் நிஜமாகவே காதை வைத்துக் கேட்டார்.

உள்ளே பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நூஃபா படியேறினாள்.

"என் சமையல்கட்டுல யாரு பாத்திரத்தை மாத்தி வெச்சது?"

ஒப்பாரி நின்றது. அவள் தங்கை மட்டும் எடுத்த அடியை முடித்துவிட்டு நிறுத்தினாள்.

அறுத்த ஆட்டைத் திரும்ப எழுப்ப முடியாது. கசப்புக் காப்பியைக் கொட்டிவிட்டுத் தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்கள். சோற்று மலை மேல் கறி வந்தது. தூரத்துக் கிராமங்களிலிருந்து வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கியவர்களை மிஸ்ஹரே வாக்கரோடு போய் வரவேற்றார். ஒவ்வொருவருக்கும் சாமியானாவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து காட்டினார். தாத்தாக்கள் தங்கள் இடுப்பைத் தடவிக்கொண்டே டாக்டரின் பெயரைக் கேட்டார்கள்.

"பாதி மாத்தினதுக்கே இந்த நடையா?" என்றார் ஒருவர்.

"முழுசும் மாத்தியிருந்தா ஓடியே போயிருப்பாரு. அதான் வேண்டாம்னுட்டேன்" என்றாள் நூஃபா வாசலிலிருந்து.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் சாமியானாக்காரர்கள் வந்து கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தாரி கருப்புத் துணியை இறக்கினான். ஹதீதா ஊரிலிருந்து ஒரு வண்டி உறவினர்கள் தாமதமாக வந்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மிஸ்ஹர் பள்ளிவாசலுக்குப் போய்ப் பின்வரிசையில் நாற்காலியில் அமர்ந்து தொழுதார். மதியத்துக்கு மேல் ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு கிழவி விழுந்து கிடந்தாள். பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டார். வெளிப்பக்கம் என்றான் வந்தவன். ரமாதிக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் தூங்கினார்.