பத்து நிமிஷம் முந்திய கடிகாரம்

கிடங்கு அலுவலகத்தில் அந்தக் கணக்கருக்கு மணிக்கூண்டு என்று பெயர். முப்பத்தொரு வருஷமாக, வருகிற தபாலுக்கும் போகிற காசோலைக்கும் நிமிஷம் பிசகாமல் நேரம் குறிப்பவர். ஆட்கள் சீக்கிரம் வரட்டும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முந்தவைத்தவரும் அவர்தான்.

அன்று நீதிமன்றச் சேவகர் ஓர் உறை கொண்டுவந்தார். கணக்கர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 11.10 என்று பதிந்து வாங்கிவைத்தார். உறைகளை மத்தியானம் மொத்தமாகப் பிரிப்பதே வழக்கம்.

பின்னாலேயே அவருடைய தங்கை புருஷன் வந்தான். கிடங்குக்குப் பெயின்ட் அடித்த ஒப்பந்தக்காரன்.

"என்ன மச்சான், என் செக்கு இன்னும் அடைகாக்குதா?"

"முதல்ல கையெழுத்தப் போடுங்க மாப்பிள்ளை."

காசோலை கொடுக்கும் ஜன்னலிலிருந்து சுவர் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்து 11.05 என்று எழுதினார்.

மத்தியானம் உறையைப் பிரித்தார். மாப்பிள்ளை பெயின்ட் கடைக்கு வைத்திருந்த பாக்கிக்காக, கிடங்கு அவனுக்குத் தரவேண்டிய பணத்தை நீதிமன்றம் முடக்கியிருந்தது. உத்தரவு வந்தபின் அவனுக்குக் கொடுத்தால் அதே பணத்தைக் கிடங்கு நீதிமன்றத்தில் மறுபடியும் கட்டவேண்டும். அது யார் சம்பளத்தில் விழும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு பதிவேடுகளையும் விரித்தார். காசோலை 11.05. உத்தரவு 11.10. ஏட்டின்படி தப்பே நடக்கவில்லை. ஆனாலும் நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசியில் மாப்பிள்ளையைத் தொலைபேசியில் பிடித்தார்.

"செக்க பேங்க்ல போட்டாச்சா?"

"வரிசையில நிக்கிறேன். ஏன்?"

விஷயத்தைச் சொன்னார்.

"உங்க நோட்டுல யாரு முன்னாடி?"

"நோட்டுல நீங்கதான்."

"அப்புறம் என்ன மச்சான்! நாலு பேருக்குக் கூலி தரணும். உங்க தங்கச்சி மூஞ்சில நான் முழிக்க வேணாமா?" இணைப்பு அறுந்தது.

பதிவேடுகளையும் உத்தரவையும் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

"நேரம் நமக்குச் சாதகமாத்தானய்யா இருக்கு?"

"கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி சார். முந்தவச்சது நான்தான்."

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு, காசோலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக்குச் சொன்னார்.

கணக்கர் 11.10க்குக் கீழே சிவப்பு மையில் எழுதினார்: 'சுவர்க் கடிகாரப்படி. சரியான நேரம் 11.00.' பிறகு ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்பினார். தொலைபேசி அடித்தது.

"அண்ணே, செக்க நிறுத்தினது நீயா?"

"நான்தாம்மா."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. ஒரு கால் ஸ்டூலிலும் ஒரு கால் தரையிலுமாக அவர் நின்றுகொண்டே இருந்தார்.