ஜெயராணி போட்ட இரண்டு டிஸ்க்

ஜெயராணி இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி ராகலையிலிருந்து போன் செய்தபோது, நான் லிந்துலையில் எங்கள் சங்க அலுவலகத்தில் இருந்தேன். செயலாளரிடம் சொன்னேன். "ஐயோ பாவம்" என்றார். அடுத்த மூச்சில், "அந்தக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார். பத்து வருஷம் கூட வேலை செய்தவருக்கு அவ்வளவுதான் மரியாதை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புகழ்ந்து சொல்ல ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் தகரப் பெட்டிக்குள் நனைந்து கிடக்கும் பிறப்புப் பத்திரங்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைப்பதுதான் எங்கள் வேலை. வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டுப் போனால் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அதற்காக ஜெயராணி ஒரே அளவில் இரண்டு டிஸ்க் வாங்கி வந்து, இயங்குதளத்தைத் தானே போட உட்கார்ந்தார்.

"டிஸ்க்க அதுவாவே பிரிச்சுப் போட்டுக்கும், விடுங்க" என்றேன்.

"அது இஷ்டத்துக்கு விட்டா ஒரு டிஸ்க்லதான் போடும். நம்ம சனத்துக்கு ஒண்ணு போதாதுங்க."

இரண்டையும் கையாலேயே ஒரே மாதிரிப் பிரித்தார். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி இணைத்து, அதன்மேல் இயங்குதளத்தை ஏற்றினார். பிறகு எங்கள் கண்முன்னே ஒரு டிஸ்கின் வயரைப் பிடுங்கினார். கணினி வேலை செய்தது. மறுபடி மாட்டி, இரண்டும் ஒத்துப்போகும்வரை காத்திருந்து, மற்றதைப் பிடுங்கினார். அப்போதும் வேலை செய்தது. அதற்குப் பிறகுதான் தேத்தண்ணியைத் தொட்டார்.

போன வருஷம் சிறுநீரக வைத்தியத்துக்கு நுவரெலியாவில் இரண்டு மாதம் தங்கினார். அந்த நேரம் பார்த்து செயலாளரின் கணினியில் இடம் போதவில்லை. "ரெண்டுலயும் ஒரே சாமான்தானே கெடக்கு? ஒண்ணு சும்மாதானே இருக்கு?" என்றார். ஒன்றைக் கழற்றி, அழித்து, அவருடைய கணினியில் மாட்டியாயிற்று. ஜெயராணியின் கணினி எச்சரிக்கை காட்டியது. அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தோம். மூளை இருந்ததா எங்களுக்கு?

ஜெயராணி திரும்பி வருமுன்பே மண் சரிந்து மேல் லயத்து ஏழு வீடுகள் தகரப் பெட்டிகளோடு புதைந்தன. பதிவாளர் கந்தோரில் அவர்களுடைய பிறப்பைப் பதிந்த பழைய ஏடு இல்லையாம். எங்களிடம் பிரதி கேட்டு அந்த வீட்டுக்காரர்கள் வந்த வாரத்தில், மிச்சமிருந்த ஒற்றை டிஸ்கும் செத்திருந்தது.

"ஜெயராணி போட்டது சரியில்ல" என்று செயலாளர் அவர்களிடம் கூசாமல் சொன்னார். ஜெயராணி வீங்கிய காலோடு வந்து கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மேல் லயத்து முத்தம்மா, "எங்க தாளத் தொலைச்சுட்டியே புள்ள" என்று அழுதார்.

"நான் ரெண்டு போட்டேங்க" என்றார் ஜெயராணி. சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

புது டிஸ்க் இரண்டு வாங்கி எல்லாவற்றையும் மறுபடி செய்தார். மற்ற லயங்களுக்குப் போய் மறுபடி ஸ்கேன் செய்தார். மேல் லயத்தில் ஸ்கேன் செய்யத் தாளே இல்லை. அந்தப் பழியோடுதான் செத்தார்.

ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பாம். செயலாளர் பேசுவாராம். அதைக் கேட்க வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்த டிஸ்கைக் கழற்றியது நான். செயலாளர் ஐயா சொன்னார், செய்தேன். ஜெயராணி பார்த்த அந்தப் பார்வைதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

நேற்று முத்தம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அந்தப் புள்ள இருக்கயிலயே சொல்லியிருக்கலாமே" என்றார்.