அரணை வாய் திறந்த சனிக்கிழமை

மகள் கேட்டது பாம்பு. நியூசிலாந்தில் பாம்பு வளர்க்க அனுமதியே கிடையாது, மிருகக்காட்சி சாலையில்கூடப் பாம்பு இல்லை என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் சின்ன வயதில் அவள் விடவில்லை. ஹைஸ்கூல் போன பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, பாம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வரக்கூடிய ஒன்றைத் தேட ஆரம்பித்தாள். அப்படிக் கிடைத்ததுதான் நீலநாக்கு அரணை. நம் ஊர் அரணை மாதிரி விரல் நீளம் இல்லை. முழங்கை அளவு இருக்கும். உடம்பு தடித்த பாம்பு, கால்கள் மட்டும் யாரோ மறந்துபோய்க் கடைசியில் ஒட்டினது போலக் குட்டி குட்டியாக.

ஹென்டர்சனில் ஒரு பெண்மணி தன் அரணைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. நகக்கண்ணில் வெள்ளிப் பூச்சு ஒட்டியிருந்தது. பெர்த்தில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அங்கே குடிபெயர்ந்துகொண்டிருந்தார். அந்த அரணை இனத்தின் சொந்த ஊரே ஆஸ்திரேலியாதான். ஆனாலும் இங்கே பிறந்ததை அங்கே கொண்டுபோக விடமாட்டார்கள். கண்ணாடித் தொட்டி, சூடு விளக்கு, அது ஒளிந்துகொள்ளும் மரப்பொந்து எல்லாவற்றையும் அவரே எங்கள் காரில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வேலையை ஆரம்பித்தாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"முதல்ல உதெல்லாம் கழுவோணும். எத்தினை வருசத்து ஊத்தையோ!" என்றாள்.

தொட்டியை, பொந்தை, தண்ணீர்க் கிண்ணத்தை எல்லாம் கொதிநீரும் கிருமிநாசினியும் போட்டுத் தேய்த்தாள். பளபளவென்று ஆன தொட்டியை எல்லோரும் பார்க்கும்படி ஹாலில் வைத்தோம். அரணை பொந்துக்குள் போனது. அதன்பின் வெளியே வரவில்லை, எதையும் தின்னவும் இல்லை.

அவித்த முட்டை வைத்தோம். வாழைப்பழம், ப்ளூபெர்ரி வைத்தோம். பிறந்ததிலிருந்து இறைச்சி தொடாத நான், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாய் உணவு டின்னைத் திறந்து கரண்டியால் ஊட்டப் பார்த்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "ஈட் சம்திங், ப்ளீஸ்" என்று அவள் கெஞ்சுவதைக் கேட்கவே சங்கடமாக இருக்கும். மிருக வைத்தியர் பார்த்துவிட்டு நோய் ஒன்றுமில்லை, முன்பு வளர்த்தவரிடம் கேட்டுப்பாருங்கள் என்றார்.

"அவவிட்டக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி.

"பாவம், மூட்டை கட்டிட்டு இருப்பாங்க. இப்பப் போய் இதைச் சொன்னா மனசு கஷ்டப்படுமே."

"அது பட்டினி கிடக்கிறதுதான் அவவுக்குப் பெரிய கஷ்டம்."

செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: இன்று மதியம் வரட்டுமா?

அன்று சனிக்கிழமை, நல்ல மழை. காரை ஏற்கெனவே விற்றுவிட்டதால் ரயிலும் பஸ்ஸுமாக மாறி, நனைந்துகொண்டு வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வந்தவர் நேராகத் தொட்டிக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் ஹால் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் கிட்ட வரலை. நான் வந்தது அதுக்குத் தெரிய வேண்டாம்," என்றார். பேசியது ஆங்கிலத்தில்தான். எனக்குள் தமிழில் விழுந்ததை எழுதுகிறேன்.

தூரத்திலிருந்தே மூக்கைச் சுருக்கினார். "கழுவினீங்களா?"

மனைவியின் முகம் வாடிவிட்டது. "நான்தான் கழுவினேன். எல்லாத்தையும். நர்ஸ் வேலைப் பழக்கம்."

"நர்ஸ் வீட்டில் வேற எப்படி இருக்கும்?" என்று அவர் சிரித்தார். "அது நாக்காலதான் உலகத்தைத் தெரிஞ்சுக்கும். நாக்கை நீட்டினா இப்போ ஆஸ்பத்திரி மட்டும்தான் இருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்தார். அரணை பல காலம் படுத்துப் படுத்து நிறம் போன துண்டு. பெர்த்துக்குக் கொண்டுபோகவென்று பெட்டியில் வைத்திருந்தாராம். தனக்கென்று ஓரத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. முழுதாக மனைவியின் கையில் கொடுத்து, பொந்துக்குள் விரிக்கச் சொன்னார். தொட்டியை ஹாலிலிருந்து எடுத்து, நான் வேலை பார்க்கும் அறை மூலைக்கு மாற்றி, மூன்று பக்கமும் போர்வையால் மூடச் சொன்னார். பிறகு, தோட்டத்தில் நத்தைக்கு மருந்து போடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், மழையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கீரைப் பாத்திக்குப் போய், குனிந்து நத்தை பொறுக்கினார்.

தேநீர் குடித்து, சூடு விளக்கில் அரணையின் உடம்பு சூடேறும்வரை காத்திருந்தோம்.

"பகல்ல யார் வீட்டில் இருப்பீங்க?" என்று கேட்டார்.

"நான்தான். பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை."

"அப்போ நீங்கதான் கொடுக்கணும். நத்தை ஓட்டை லேசா உடைச்சுக் கொடுங்க. அந்த வாசனை அதுக்குப் பிடிக்கும்."

நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்தேன். ஓட்டுக்குள்ளிருந்து அது கொம்பை நீட்டி என்னைப் பார்ப்பது போல இருந்தது. மனைவி என் பக்கம் கையை நீட்டினாள்.

"நீங்கள் உடைக்க மாட்டியள். தாங்கோ இஞ்ச." கரண்டியின் பின்புறத்தால் ஒரே தட்டு.

இடுக்கியில் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மகள் எனக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றாள். அந்தப் பெண்மணி சமையலறையை விட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. கை வலித்தது. அப்புறம் துண்டுக்குள்ளிருந்து அகலமான தலை மெதுவாக வெளியே வந்தது. நாக்கு நீண்டது. பேனா மையைத் தொட்டு எடுத்தது போன்ற நீலம். அதுவரை நான் அந்த நாக்கைப் பார்த்ததே இல்லை. நத்தையைத் தொட்டது, இடுக்கியைத் தொட்டது, என் விரலையும் ஒருமுறை தொட்டது. பிறகு வாயைத் திறந்து கவ்வியது. ஓடு நொறுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"அப்பா! ஹி'ஸ் ஈட்டிங்!" என்று மகள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நான் சமையலறைக்கு ஓடினேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சு," என்றார், திரும்பாமல்.

போய் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், இனி எப்போது பார்ப்பீர்கள் என்று மனைவி அவர் கையைப் பிடித்துச் சொன்னாள். அவர் மறுத்துத் தலையசைத்தார்.

"வேண்டாம். இப்போதான் உங்க வீட்டில் முதல் வாய் சாப்பிட்டிருக்கு. என் கை பட்டா மறுபடி என்னைத் தேடும். நான் இருக்க மாட்டேனே."

நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வழியெல்லாம் அவர் அரணையைப் பற்றித்தான் பேசினார். வெயில் நாளில் அதைப் புல்லில் விட்டால் எப்படி நீந்துவது போலப் போகும், கோபம் வந்தால் எப்படி உடம்பை உப்பிக்கொண்டு சீறும், வீட்டு ரேடியோவில் பாட்டு வந்தால் எப்படிப் பொந்துக்குள் போய்விடும் என்று. அழவில்லை. ஹென்டர்சனில் இறங்கும்போது, தோல் உரிக்கும் காலத்தில் கால்விரல்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய தோல் அங்கேதான் சிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நானெண்டால் ஒருக்காவது தடவிப்போட்டுத்தான் போயிருப்பன்," என்றாள்.

"நானும்தான்," என்றேன்.

இப்போது அரணை முட்டையும் தின்கிறது, பழமும் தின்கிறது, என் காலடிச் சத்தம் கேட்டால் கண்ணாடிக்கு வந்து நிற்கிறது. மகள் அவ்வப்போது பெர்த்துக்கு வீடியோ அனுப்புகிறாள். அவர் பதிலில் நலம் விசாரிப்பதெல்லாம் குறைவு. போன தடவை வந்த பதில் ஒரே வரி: கொஞ்சம் குண்டாகிவிட்டது, முட்டையைக் குறையுங்கள்.